இரண்டு ஸ்பிரே கன்னும் ஒரு வெள்ளை வேனும்

சந்திரன் மடியில் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே கறுப்பு நுரைமெத்தையில் படுத்திருந்த ஸ்பிரே கன்னைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவன் இப்படிப் பார்த்ததில்லை. எனக்குத் தெரியும், அன்றைக்குக் கூடப் போனவன் நான். அவன் மிக்சர் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியான வெயில். பட்டறையின் தகரக் கூரை சூட்டில் சடக் சடக்கென்று சொடக்குப் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு அடுத்த ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்கள் வரிசையாகப் போக, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எங்கள் கதவு ஒருமுறை நடுங்கியது.

"இதைத்தான் வாங்கணும்" என்றான் சந்திரன்.

"வெள்ளை வேனுக்கு இது எதுக்குலா? மாட்டு வண்டிக்கு ஏர்கோன் மாட்டுற மாதிரி இருக்கு."

"உனக்குப் புரியாது."

"இத்தனை வருஷமா ஸ்பிரே அடிக்கிறேன். எனக்குப் புரியாதா?"

"நீ அடிக்கிற. கை வச்சுப் பாக்குறவங்க யாரு?"

மாட்டிக்கொண்டால் நான் செய்வதையே அன்றும் செய்தேன். தேநீர் வாங்கப் போனேன்.

புதிதாகப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிப்பதாக என்னிடம் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்த இதழின் ஆசிரியர். மற்றவர் என் மனைவி பார்வதி. அவளும் தன் பெயர் எங்கே வருகிறது என்று தேடுவதற்காகத்தான் படிக்கிறாள். ஆகவே மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நானும் சந்திரனும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தோம். இடிபட்ட கார் வந்தால் அவன் தட்டி நிமிர்த்துவான், நான் பெயிண்ட் அடிப்பேன். அவன் வேலை சத்தம், என் வேலை வாசனை. அவன் சுத்தியல் பேசும்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் கூட்டு அவ்வளவு காலம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று பார்வதி சொல்வாள்.

அந்த வருஷம் சந்திரனின் நுரையீரல் மக்கர் பண்ண ஆரம்பித்தது. நாலு தட்டு தட்டினால் ஐந்தாவது தட்டுக்கு மூச்சு வராது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தான். டாக்டர் அவன் மனைவி சரசுவைத் தனியாக அழைத்து ஏதோ சொல்லியிருந்தார். அவள் அதை எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சில விஷயங்களைக் கேட்காமலே தெரிந்துகொள்ள முடிகிறது.

என் பச்சைக் கன்

நான் ஆயுள் முழுக்க மலிவுக் கன் கட்சி. கைப்பிடியில் பச்சை ரப்பர் சுற்றிய ஒரு கன், என் வலது கையின் ஆறாவது விரல் மாதிரி. அதற்கு முன் ஒரு சிவப்பு, அதற்கு முன் பெயர் அழிந்துபோன ஒன்று. பெட்டியிலிருந்து எடுக்கும் அன்று எல்லா மலிவுக் கன்னும் நல்ல பிள்ளைதான். சில மாதம் தின்னரில் குளித்ததும் உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் ஊறி உப்பிவிடும். அப்புறம் மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். மழமழவென்று அடித்துக்கொண்டு போகும்போதே ஒரு சொட்டைத் துப்பும். நான் விரல் நுனியால் அந்தச் சொட்டை எடுத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்ப்பேன். சந்திரன் பார்த்துக்கொண்டிருப்பான்.

"எனக்குக் கைதான் முக்கியம், கன் இல்ல" என்று நான் வீரம் பேசுவேன்.

"ஆமா, கண்ணும் இல்ல" என்பான்.

இந்தக் கைக்கு ஒரு சரித்திரம் உண்டு. நான் பிறந்தது சிம்பாங் ரெங்கத்துப் பக்கம், செம்பனைத் தோட்டத்தில். களைக்கு மருந்தடிக்கும் முதுகுப் பம்பில் நீலச் சாயத்தைக் கரைத்து அப்பாவின் சைக்கிளுக்கு அடித்ததுதான் என் முதல் ஸ்பிரே வேலை. சைக்கிள் நீலமானது. சுவர் நீலமானது. பக்கத்து வீட்டுக் கோழிகளில் பாதி நீலமானது. அந்த வீட்டம்மா கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது முட்டை போட்டா என்ன நிறத்துல போடும்னு நீயே சொல்லு" என்று அப்பாவிடம் நியாயம் கேட்டார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் பெயிண்ட் அடிக்கக்கூடாது என்கிற பாடத்தை அப்பா என் முதுகில் எழுதினார்.

மலிவுக் கன்னுக்கும் முதுகுப் பம்புக்கும் நெருங்கிய சொந்தம். அடிக்கிற பெயிண்டில் ஒரு பங்கு காருக்கு, ஒரு பங்கு காற்றுக்கு, ஒரு பங்கு அடிக்கிறவனின் மூக்குக்கு. காரில் போய் உட்காருகிற பங்கும் ஒரே மாதிரி உட்காராது. துளி பெரிதாக விழும். காய்ந்த பிறகு பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும். தடவிப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல். தேய்த்து பாலிஷ் போட்டுச் சமாளிக்கலாம், நானும் சமாளித்திருக்கிறேன். விற்கப்போகிற காரை யார் தடவிப் பார்க்கிறார்கள்?

தடவிப் பார்க்கிற வண்டி ஒன்று இருந்தது. அதுதான் பிரச்சினை.

வெள்ளை வேன்

எங்கள் வட்டாரத்துக் கோயிலில் மரணச் சகாயக் குழு ஒன்று உண்டு. அதற்கு ஒரு வெள்ளை வேன். வீட்டிலிருந்து மின்சுடலைக்குக் கொண்டுபோகும் வண்டி. அதைச் சந்திரன்தான் ஓட்டுவான். சம்பளம் கிடையாது. யார் வீட்டிலிருந்து போன் வந்தாலும் சுத்தியலைக் கீழே வைத்து, கையைக் கழுவி, ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்தச் சட்டை பட்டறை ஆணியில் எப்போதும் தொங்கும். அதன் பக்கத்தில் நான் பெயிண்ட் அடித்தால் என்னை அடிப்பான்.

கடல் காற்றும் தொழிற்சாலைக் காற்றும் சேர்ந்து அந்த வேனைத் தின்றுகொண்டிருந்தன. சக்கரத்துக்கு மேலே, கதவுக்குக் கீழே, பெயிண்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. "வருகிற பொதுக்கூட்டத்தில் பேசலாம்" என்று குழுவினர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொப்புளங்களுக்குப் பொதுக்கூட்டம் வரை காத்திருக்கும் பொறுமை இல்லை.

ஒருநாள் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு வீடு. இறந்தவன் இளைஞன். சடங்கு முடிந்து பெட்டியை ஏற்றியாகிவிட்டது. எங்களில் பல வீடுகளில் பெண்கள் மின்சுடலைக்கு வருவதில்லை, வாசலோடு நின்றுவிடுவார்கள். கதவை மூடிய பிறகு அவர்களுக்குத் தொடுவதற்கு மிஞ்சுவது வண்டியின் பக்கவாட்டுத் தகடு ஒன்றுதான். எந்த வீட்டிலும் யாராவது ஒருத்தி வந்து அந்தத் தகட்டில் உள்ளங்கையை வைப்பாள். வண்டி நகரும்போதும் எடுக்கமாட்டாள். வண்டி அந்தக் கைக்கு அடியில் நழுவிப் போகும்.

அந்தப் பையனின் அம்மாவும் அப்படித்தான் வைத்தார். வண்டி நகர்ந்தது. துருக் கொப்புளம் ஒன்று உடைந்து விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அது அவர் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு போனது. அவருக்குத் தெரியவில்லை. கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். ரத்தம் சொட்டுவதைப் பார்த்தது சந்திரன் ஒருவன்தான், இடப்பக்கக் கண்ணாடியில்.

வண்டியை நிறுத்த முடியாது. நிறுத்துவது வழக்கமில்லை. அவன் போய்க்கொண்டே இருந்தான்.

இதை அவன் என்னிடம் சொன்னது, கன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானம், நான் தேநீரோடு திரும்பி வந்த பிறகு.

"நான் இருக்கறப்பவே அந்த வண்டியை முடிச்சிடணும்" என்றான். "கையை வச்சா எதுவும் தடுக்கக்கூடாது. கண்ணாடி மாதிரி இருக்கணும். உன் பச்சைக் கன்னால அது முடியுமா? உண்மையைச் சொல்லு."

"தேய்ச்சு பாலிஷ் போட்டா…"

"பாலிஷ் ரெண்டு மழை தாங்கும்."

தேநீரில் சர்க்கரை அதிகம் என்று எதையோ சொல்லி வைத்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு. எனக்கப்புறம் நீதான் ஓட்டணும்."

"நானா? என் ஓட்டு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதான் சொல்றேன். கிளட்ச்சை வெடுக்குனு விட்டே, நான் பின்னால எழுந்து உக்காந்துடுவேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவனுக்குச் சிரிப்பு இருமலாக மாறி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

காதர் பாய் கடையில்

பெட்டியைப் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி எடுத்து வந்தது காதர் பாய் கடையிலிருந்து. அவர் குடும்பம் கடலோரத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மளிகையில் தொடங்கிப் பெயிண்டில் முடிந்த குடும்பம். தின்னர் வாசனையையும் மீறி அவர் கடையில் அத்தர் மணக்கும். அது எப்படி என்பது அவர் தொழில் ரகசியம்.

"பாய், உண்மையைச் சொல்லுங்க. ரெண்டுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?"

"விக்கிறவன்கிட்ட உண்மை கேக்குற பாரு, அதான் மணியம் உங்கிட்ட எனக்குப் புடிச்சது."

இரண்டு கன்களையும் மேசைமேல் வைத்தார். என் பச்சையின் தங்கை ஒன்று. பக்கத்தில் அந்த வெள்ளி நிற மகாராணி.

"மட்டக் கன்னு உரக்கப் பேசுற ஆளு மாதிரி. கத்துவான், பாதி வார்த்தை காத்துல போயிரும். இவ மெதுவாப் பேசுவா. சொன்னதெல்லாம் போய்ச் சேரும். துளி பொடிப்பொடியா விழும், ஒண்ணோட ஒண்ணு கூடிப் படுத்துக்கும். ஆனா ஒண்ணு. மட்டக் கன்னு நீ என்ன பண்ணாலும் பொறுத்துக்கும். இவ பொறுக்க மாட்டா. கழுவாம வச்சா கோவம், ஈரக் காத்து குடுத்தா கோவம்."

"அப்ப எனக்கு வீட்ல ஒண்ணு இருக்கே."

"அடி பிரைமருக்கு உன் பச்சையே போதும். அதை எப்படியும் தேய்க்கப் போறே. மேல வர்ற வெள்ளைக்கும் கடைசியா மினுக்குக்கு அடிக்கிற கிளியருக்கும் இவளை எடு. ரெண்டும் வேணும். இதான் உண்மை, போ."

வாங்கினேன். விலையைச் சொல்லமாட்டேன். பார்வதி இந்த இதழைப் படிக்கிறாள் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளைப் பொட்டு

வாங்கிய வாரத்திலேயே ஆயுத பூசை வந்தது. பட்டறையில் அன்றைக்கு வேலை கிடையாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சுத்தியல், இடுக்கி, தேய்க்கும் கட்டை, கம்ப்ரசரின் குழாய் என்று வரிசையாக வைப்போம். சுண்டலுக்கும் பொரிக்கும் பக்கத்துப் பட்டறை சீன நண்பர்கள்கூட வந்துவிடுவார்கள். கம்ப்ரசருக்கு ஒரு மாலை. பச்சைக் கன் ஓரமாக, பழைய வேலைக்காரன் மாதிரி. நடுவில் புதுக் கன்.

சந்தனம் குழைத்தது நான்தான். தண்ணீர் கொஞ்சம் குறைந்து கெட்டியாகிவிட்டது. சுத்தியலுக்குத் தலையில் பொட்டு. இடுக்கிக்குக் கழுத்தில் பொட்டு. புதுக் கன்னுக்கு எங்கே வைப்பது என்று யோசித்தேன். முகம் எதுவோ அங்கேதான் பொட்டு. முகம் எது? மூக்கு நுனி. தாராளமாக வைத்தேன். அதற்குமேல் குங்குமம்.

"மாப்பிள்ளை மாதிரி இருக்கு" என்று சந்திரன் நாற்காலியிலிருந்து சொன்னான். சரசு அவன் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தாள். கற்பூரம் காட்டும்போது அந்தப் புகை அவனுக்கு ஆகாது என்று நான் தட்டைத் தூரமாகப் பிடித்தேன். அவன் கையை நீட்டி, எட்டாத சுடரை இருந்த இடத்திலிருந்தே கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பிறை

வேனின் தகட்டு வேலையைச் சந்திரன் அதற்கு முன்பே முடித்திருந்தான். துருவை வெட்டி, புதுத் தகடு பற்றவைத்து, புட்டி போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்து வைத்திருந்தான். முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்லி நான் கத்தினால்தான் போட்டுக்கொள்வான். பச்சைக் கன்னால் நான் பிரைமர் அடித்துவிட்டேன். பாக்கி இருந்தது வெள்ளையும் கிளியரும்.

புதுக் கன்னைத் துணியால் துடைத்து எடுத்தேன். பெயிண்ட் ஊற்றி அட்டையில் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். நல்ல கன் என்றால் அட்டையில் நீட்டமாக, நெல்லிக்காயை நசுக்கியது மாதிரி ஒரு சமமான வடிவம் விழ வேண்டும். விழுந்தது பிறை நிலா. ஒருபக்கம் வளைந்து, மறுபக்கம் காலி.

மறுபடி அடித்தேன். மறுபடி பிறை.

காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். தின்னரைக் கூட்டினேன். கம்ப்ரசரைத் திட்டினேன். கடைசியில் எனக்குள் ஒரு ரகசிய சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். பார், இவ்வளவு விலை, இவ்வளவு பேச்சு, கடைசியில் என்ன? என் கட்சி ஜெயித்தது.

பச்சைக் கன்னை எடுத்து வேனின் இடப்பக்கம் முழுக்க வெள்ளை அடித்து, கிளியரும் அடித்தேன். காய்ந்ததும் படம் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். "பாரு, பளபளன்னு" என்று எழுதினேன்.

குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னணியில் ஏதோ இயந்திரம் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் சந்திரன்:

"படத்துல எல்லாரும் அழகுதான்லா. கையை வை."

வைத்தேன். அதே ஆரஞ்சுத் தோல்.

அவன் திரும்பி வருவானா என்று ஆஸ்பத்திரியில் யாரும் உறுதி சொல்லவில்லை. நான் இங்கே கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

மூக்கடைப்பு

கன்னைத் தூக்கிக்கொண்டு காதர் பாயிடம் போனேன்.

"பாய், உங்க மகாராணி ரோசாக், கெட்டுப்போயிட்டா. பிறை நிலாதான் போடுது."

"பிறையா? எனக்குத்தானேப்பா அது வேணும். உனக்கு எதுக்குப் போடுது?" என்று வாங்கினார். மூக்கு நுனியில் இருக்கும் மூடியைப் பாதி வட்டம் திருப்பி அட்டையில் அடித்தார். பிறையும் திரும்பிக்கொண்டது. அதாவது கோளாறு மூடியில். கன் நன்றாக இருக்கிறது.

இந்தச் சோதனை எனக்குத் தெரியாததல்ல. கன் கோணலாக அடிக்கிறது என்று வந்த எத்தனையோ பேருக்கு நானே இப்படித் திருப்பிக் காட்டியிருக்கிறேன். பச்சைக் கன் பிறை போட்டிருந்தால் முதல் வேலையாக அதன் மூக்கைத்தான் பார்த்திருப்பேன். விலை உயர்ந்த கன்னுக்கு அடைப்பு வரும் என்று தோன்றவே இல்லை. பணக்காரனுக்குச் சளி பிடிக்காது என்று நினைக்கிற புத்தி.

பாய் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மூடியின் இரண்டு கொம்பிலும் ஊசித் துளைகள் உண்டு. அவற்றின் வழியாக வரும் காற்றுதான் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும். ஒரு கொம்பின் துளைகளில் வெளிச்சம் வந்தது. மற்றதில் வரவில்லை. மரக்குச்சியால் மெதுவாகக் குத்தினார். மஞ்சளாக ஏதோ உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

அவர் முகம் மாறவில்லை. அதுதான் எனக்கு அவமானம்.

"சந்தனம்" என்றார்.

நான் கூரையைப் பார்த்தேன்.

"சாமி கும்பிட்டது தப்பில்ல மணியம். மூக்குல கும்பிட்டதுதான் தப்பு. மகாராணிக்கு மூச்சு முட்டிப்போச்சு."

மூச்சு முட்டியது என்று அவர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, "சந்திரன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். மூடியை அவரே தின்னரில் ஊறவைத்து, அத்தனை துளைகளையும் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்து, துடைத்துக் கொடுத்தார். அன்றைக்குக் கடையில் வேறு எந்த வாடிக்கையாளரையும் அவர் கவனிக்கவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம்

இடப்பக்கத்தை மறுபடி தேய்த்து எடுத்தேன். அதற்குள் சந்திரன் வீட்டுக்கு வந்துவிட்டான். நடமாட்டம் குறைவு, மூக்கில் குழாய், சக்கரம் வைத்த சின்ன சிலிண்டர். பெயிண்ட் வாசனையில் அவன் இருக்கவே கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. அதற்குமேல் சரசுவின் உத்தரவு. ஆகவே பட்டறைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், தேநீர்க் கடையில் அவனை உட்கார வைத்தோம். அங்கிருந்து கைப்பேசியில் அழைத்தான். நான் ஒலிபெருக்கியில் போட்டு வைத்தேன்.

"கம்ப்ரசர் தண்ணியைத் திறந்து விட்டியா?"

"விட்டேன்."

"எனக்குப் புஸ்னு சத்தம் கேக்கல. மறுபடி விடு."

விட்டேன். இந்த ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். அது கன்னுக்குள் போனால் பெயிண்டில் மீன் கண் மாதிரி குழி விழும். புஸ்ஸென்று சத்தம் கேட்ட பிறகுதான் அவன் அடுத்த பேச்சுப் பேசினான்.

கண்ணாடிகளை மறைப்பதற்குப் பழைய பத்திரிகைகளை ஒட்டியிருந்தேன். அவற்றில் இந்த இதழும் இருந்தது. முன் கண்ணாடியில் ஒட்டிய பக்கத்தில் என் புகைப்படத்தோடு இந்தத் தொடரின் ஓர் அத்தியாயம். முதல் பூச்சிலேயே என் மூஞ்சி வெள்ளையானது. என் எழுத்தில் அதுவரை இல்லாத தெளிவு.

புதுக் கன் கையில் வேறு மாதிரி இருந்தது. சத்தம் குறைவு. சீறவில்லை, மூச்சு விட்டது. பெயிண்ட் விழுந்த இடத்தில் ஈரம் ஒரே தகடாகப் படுத்தது. நான் பழக்கத்தில் வேகமாகக் கையை ஓட்டினேன்.

"கை ஓடுது" என்றது கைப்பேசி. "மெதுவா."

"ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து உனக்கு எப்படித் தெரியும்?"

"சத்தத்துல தெரியும். போய்ட்டு வர்ற சத்தம். முன்ன நீ வேலை செய்யும்போது நான் கண்ணை மூடிட்டுக் கேட்டிருக்கேன்."

கிளியரின் கடைசிப் பூச்சு முடியும்வரை இருவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கன்னின் மூச்சும் அவன் மூச்சும் மட்டும் பட்டறையில் கேட்டுக்கொண்டிருந்தன.

நன்றாகக் காயட்டும் என்று விட்டு, வாசனையெல்லாம் போன பிறகு ஒரு காலையில் அவனைப் பட்டறைக்குள் கூட்டிவந்தேன். வேனைத் தொடுவான் என்று நினைத்தேன். தொடவில்லை. ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொன்னான். நானும் சரசுவும் தாங்கி ஏற்றினோம். சிலிண்டரைப் பக்கத்து இருக்கையில் வைத்தோம்.

"நீ இடப்பக்கம் போ. கையை வை."

"நீயே வந்து வச்சுப் பாரேன்யா."

"ஓட்டுறவனுக்குக் கண்ணாடிதான். போ."

போய் வைத்தேன். வண்டி மெல்ல நகர்ந்தது. என் உள்ளங்கைக்கு அடியில் அது நழுவிக்கொண்டே போனது. கழுவி வைத்த பீங்கான் தட்டு மாதிரி. ஓர் இடத்திலும் கை நிற்கவில்லை. பற்றவைத்த இடம் எது, பழைய தகடு எது என்று எனக்கே தெரியவில்லை. பின் விளிம்பு வந்து கை காற்றுக்குப் போனது.

வண்டி நின்றது. பக்கக் கண்ணாடியில் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னவோ பெரிதாகச் சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"உன் மூஞ்சிதான் கரடுமுரடா இருக்கு" என்றான். "மத்ததெல்லாம் ஓகே."

இடப்பக்கக் கண்ணாடி

தீபாவளி முடிந்து மழை தொடங்கிய வாரத்தில் போன் வந்தது. சரசு பேசினாள். "அண்ணே, வெள்ளைச் சட்டையை எடுத்துக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பட்டறை ஆணியில் தொங்கிய சட்டை எனக்கு வயிற்றில் பிடித்தது. மேல் பொத்தானை மட்டும் போட்டுக்கொண்டேன். அவன் பார்த்திருந்தால் அதை வைத்தே என்னை ஒரு வாரம் கேலி செய்திருப்பான்.

மழை விட்டிருந்தது. சடங்கு முடிந்து பெட்டியை ஏற்றினார்கள். காதர் பாய் வெளியே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். கதவை மூடினார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன்.

கண்ணாடியில் பார்த்தேன். சரசு படியிறங்கி வந்தாள். யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, தானாகவே வந்தாள். முன் கதவுக்குப் பின்னால் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வெள்ளைத் தகட்டில் மழைத்துளிகள் நின்றன. அவற்றுக்கு நடுவே அவள் முகமும் நிழலாகத் தெரிந்தது.

முதல் கியர் போட்டேன்.

வண்டி நகர்ந்தது. அவள் கை அங்கேயே இருந்தது. தகடு அதற்கு அடியில் நழுவியது. சக்கரத்துக்கு மேலே, புதுத் தகடு பற்றவைத்த இடத்தில், சந்திரன் உட்கார்ந்து தேய்த்த இடத்தில், நான் இரண்டு தடவை அடித்த இடத்தில் என்று எல்லா இடத்தையும் அந்தக் கை கடந்தது. எங்கும் தடுக்கவில்லை. மழைத்துளிகள் மட்டும் துடைபட்டு, நீளமாக ஒரு தடம் விழுந்தது. பின் விளிம்பு வந்தது. கை காற்றில் நின்றது. அவள் அதைப் புரட்டி ஒருமுறை பார்த்துவிட்டு, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

நான் இரண்டாவது கியருக்குப் போகவில்லை. தெரு முனை வரைக்கும் அதே வேகம்.

கிளட்ச்சை மெதுவாகத்தான் விட்டிருந்தேன். பின்னால் யாரும் எழுந்து உட்காரவில்லை.